போருக்குள்ள கிடந்த கயிறு

நீரு நம்ப மாட்டீருன்னு தெரியும். நானும் நம்பாத ஆளுதான் வே. போர்க்கிணத்துல மோட்டார் இறக்குத தொழில் எனக்கு, பூமிக்குள்ள பாறையும் தண்ணியும் தவிர என்ன இருக்குன்னு பேய்க்கதை சொல்லுதவனையெல்லாம் கிண்டல் பண்ணிக்கிட்டுத் திரிஞ்சவன்.

தொண்ணூறுகள்ல பேட்டையில எங்க தெருவுக்குப் பின்னால ஒரு கம்பெனிக்காரன் கம்ப்யூட்டர் ஹால் கட்டுனான். எந்தெந்த ஊரு ஆளுக விவரத்தையெல்லாமோ அதுக்குள்ள சேத்து வைப்பானாம். ராப்பகலா மெஷின் ஓடும், அதைக் குளுர வைக்கத் தண்ணி வேணும். போர் போட்டான், மோட்டார் இறக்குனது நான்.

எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு, புதுப் போர்ல வார மொதத் தண்ணி அக்கம்பக்கத்துக்கு, வீட்டுக்கு ஒரு குடம். அன்னைக்கும் பொம்பளைக குடத்தோட வந்து கேட்டுல நின்னாங்க. மேனேஜர் கேட்டைப் பூட்டச் சொன்னான். பூட்டுனது நான்தான் வே, அதான் இன்னும் அறுக்கு. அடுத்த வீட்டுப் பொன்னுத்தாய் மதினி வெறுங்குடத்தோட என்னையே பாத்துக்கிட்டு நின்னா.

ரெண்டு மாசத்துல எங்க தெருக் கிணறு வத்திட்டு. ஜெனரேட்டர் சத்தத்துல பிள்ளைக தூங்கல, காயப்போட்ட துணியெல்லாம் கரி, அங்கன மெஷினு மட்டும் சொகுசாக் குளிருது. தெருவுல ஒருத்தரும் எங்கிட்ட முகங்குடுத்துப் பேசல, குழாயடி வரிசையில என் பொண்டாட்டியைச் சேக்கல. ஒரு நேரமாவது மோட்டாரை நிப்பாட்டுங்கன்னு மேனேஜர்கிட்ட கெஞ்சுனேன். மெஷினுக்குச் சூடு ஆகாதுன்னான். மனுசனுக்குத் தாகம் ஆகுமான்னு கேக்க எனக்குத் துப்பில்ல.

ஒருநாள் நல்ல உச்சி வெயில்ல மோட்டார் நின்னு போச்சுன்னு கூப்பிட்டாங்க. போற வழியிலதான் பாத்தேன், மதினி தெருக் கிணத்துல வாளி விட்டுச் சகதி கோரிக்கிட்டு இருந்தா. கரண்டை நிப்பாட்டிட்டு பைப்பை ஒவ்வொண்ணாக் கழட்டி ஏத்துனோம். கடைசியா மோட்டார் வருது, அதுல ஒரு கயிறு சுத்தியிருக்கு, மறுமுனை போருக்குள்ளயே தொங்குது. பாதி நீல நைலான், பாதி தேங்காநாரு, நடுவுல நானே போட்ட முடிச்சு. எங்க தெருக் கிணத்துக் கயிறு வே. போரோட வாய் ஒரு சாண் கூட இல்ல, மூடி போட்டு போல்ட்டு முறுக்கியிருந்துச்சு, எப்படிப் போகும்? பிடிச்சு இழுத்தேன். அடியில இருந்து யாரோ திருப்பி இழுத்தாங்க, தண்ணி எறைக்கிற மாதிரி, கைமாத்திக் கைமாத்தி. உள்ளங்கை கிழிஞ்சிட்டு. சட்டுன்னு விட்டுட்டாங்க, கயிறு முழுசா எங்கைக்கு வந்துட்டு.

அதோட தெருவுக்கு ஓடுனேன். கிணத்துல உருளை வெறுமனே சுத்துது, மதினி கையில வாளி மட்டும் இருக்கு. அவ பயப்படவே இல்ல. கயித்தைப் பாத்தா, என்னையப் பாத்தா.

"நீதான பூட்டுன. நீயே எறைச்சு ஊத்து" ன்னா.

மறு வருசம் கம்பெனிக்காரன் காலி பண்ணிட்டுப் போயிட்டான். கிணத்துல இன்னைக்கு வரைக்கும் தண்ணி ஊறல. அந்தக் கயிறு எங்க வீட்டு ஆணியிலதான் தொங்குது, இத்தனை கோடை போயாச்சு, அது இன்னும் காயல, சொட்டிக்கிட்டே இருக்கு. நம்பலேன்னா வந்து தொட்டுப் பாரும். கீழ ஒரு குடம் வச்சிருக்கேன். நிறைஞ்சதும் மதினி வீட்டு வாசல்ல கொண்டு வைப்பேன். அவ என்னையே பாத்துக்கிட்டு, கதவைப் பூட்டிக்கிடுவா.