உப்புக் குறைந்த கௌபீச் சோறு

இறைவனுக்குப் படைத்த சோற்றினுள், தம் வாயில் வைத்த கரண்டியை ஒருவர் திரும்ப விடுவதா? பத்து வயதில் இந்தக் கேள்வி என்னை எரித்தது. அந்தச் சினம் நியாயமானது என்றே நெடுங்காலம் நம்பியிருந்தேன். தலை நரைத்த இன்றும் எனக்குச் சினம் உண்டு. ஆனால் அது வேறொருத்தி மீது.

அப்போது நாங்கள் புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டில், மல்வேர்ன் என்ற புறநகரில், ஒரு மாடிக் குடியிருப்பின் ஒன்பதாவது தளத்தில் இருந்தோம். அம்மா கிழமையில் ஐந்து நாள் தொழிற்சாலையொன்றில் பெட்டி அடுக்கினார். மாதம் ஒரு சனிக்கிழமை மட்டும் நல்ல சேலை உடுத்து, நூலகத்தில் கூடிய சமையல் புத்தகக் குழுவுக்குப் போவார். அமெரிக்காவின் ஒவ்வொரு பகுதியும் எதை உண்கிறது, அங்கே குடிபுகுந்தோர் எந்தச் சுவையைத் தம்மோடு கொண்டுசென்றனர் என்று விரித்துரைக்கும் தடித்த புத்தகம் அது. மாதத்துக்கு ஓர் அத்தியாயம். அவரவர் ஒரு பதார்த்தம் சமைத்து வந்து, கூடியிருந்து உண்டு பேசுவர். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. புத்தகத்தை வாசித்துச் சொல்வதும், அங்கே இருபுறமும் மொழிபெயர்ப்பதும் என் பணி.

குழுவை நடத்தியவர் அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து வந்து குடியேறிய கறுப்பினப் பெண்மணி. எங்களைத் தம் காரிலேயே ஏற்றிச் செல்வார். அம்மா அவரை அக்கா என்றே அழைத்தார். அச்சொல்லின் பொருளை நான் சொன்ன நாள் முதல், அவரும் தொலைபேசியில் ‘அக்கா பேசுகிறேன்’ என்று அந்த ஒரு சொல்லைத் தமிழிலேயே சொல்லத் தொடங்கினார். இந்த நாட்டில் அம்மாவுக்கு வாய்த்த ஒரே தோழி அவர்.

அந்த மாதம் அவர் பிறந்த மண்ணின் அத்தியாயம். கௌபீ என்று நாங்கள் சொல்லும் தட்டைப்பயறு, அரிசி, உப்பிட்ட பன்றியிறைச்சி மூன்றும் சேர்ந்த சோறு. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாக இழுத்துவரப்பட்டோர் வளர்த்த உணவு அது என்று வாசித்தபோது, அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“எல்லாத்தையும் பறிச்சும் கௌபீயை விடேல்லைப் பாத்தியே, பிள்ளை.”

நாங்கள் சைவர் என்பதறிந்து, இறைச்சியை விட்டுவிட்டுச் சமைக்கும்படி அக்காவே சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலையில் அம்மா தலை முழுகி அடுப்பை மூட்டினார். எங்களோடு இருந்த சித்தப்பா வாசலில் நின்று கேலி செய்தார்.

“அண்ணி, கௌபீ அவிக்கவும் உங்களுக்குப் புத்தகம் வேணுமோ?”

“நீர் தின்னுறதுக்கு மட்டும் வாயைத் திறவும், தம்பி.”

எங்கள் வீட்டில் சுவாமிக்குப் படைக்குமுன் எதையும் நாவில் வைப்பதில்லை. முகர்ந்து பார்ப்பதும் குற்றம். நான் வாசித்த வரிசைப்படி, எதையும் கூட்டாமல் குறைக்காமல் அம்மா சமைத்தார். நான் பதிகம் பாடினேன். படைத்த பின் பானையை அப்படியே துணியில் கட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

நூலகத்தில் அக்கா முதலில் எங்கள் பானையையே திறந்தார். கரண்டியால் அள்ளி வாயில் இட்டார். கண்ணை மூடினார், சிரித்தார். பிறகு மேசையிலிருந்த உப்பைத் தூவி, அதே கரண்டியால் கிளறினார்.

“புத்தகத்தில் உப்பு எழுதியிருக்காது. அந்த இறைச்சியே உப்புத்தான். அதை எடுத்தால் உப்பும் போய்விடும் என்று சொல்ல மறந்தது என் பிழை” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

எச்சில்! என் செவியில் வேறெதுவும் ஏறவில்லை. படைத்த சோற்றை எச்சிலாக்கியது போதாதென்று சிரிப்பு வேறா?

“என்னவாம், பிள்ளை?” என்றார் அம்மா.

“உப்பில்லையாம்.”

அம்மா நாணத்தோடு தலையில் கைவைத்தார். “ஐயோ, படைக்கிறதெண்டு நான் ருசி பாக்கேல்லை. அடுத்த முறை பாத்துக் கொண்டுவாறன் எண்டு அக்காட்டைச் சொல்லு.”

நான் அக்காவை நோக்கி, “எங்கள் உணவை நீங்கள் அசுத்தமாக்கிவிட்டீர்கள். இனி இங்கே வரமாட்டேன் என்று அம்மா சொல்கிறார்” என்றேன். வேடர் ஒருவர் மென்று சுவை பார்த்துப் படைத்த ஊனை இறைவன் உவந்து ஏற்ற வரலாற்றை, கோயில் வகுப்பில் பிழையின்றி ஒப்பித்துப் பரிசு வாங்கிய வாய் அது.

அக்காவின் முகம் வாடியது. அவர் அம்மாவின் பக்கம் திரும்பி, உண்மைதானா என்று மெல்லக் கேட்டார். தாம் சொல்லியனுப்பியதைத்தான் கேட்கிறார் என்றெண்ணிய அம்மா, முகம் மலரத் தலையாட்டினார்.

“யெஸ், யெஸ். தாங்க் யூ, அக்கா.”

அன்றும் அவரே எங்களை வீட்டில் இறக்கிவிட்டார். வழியெல்லாம் சாலையை மட்டுமே பார்த்து ஓட்டினார். மனுசிக்கு ஏதோ களைப்பு என்றார் அம்மா.

அடுத்த கூட்டத்துக்கு முதல் நாள் வழக்கமாக வரும் தொலைபேசி அழைப்பு வரவில்லை. “மறந்திருப்பா” என்று சொல்லிவிட்டு, அம்மா விடியலில் எழுந்து, மெக்சிக்கோவிலிருந்து போய்க் குடியேறியோரின் சிவப்பு அவரை விதைக் குழம்பை வைத்தார். கொதித்ததும் உள்ளங்கையில் ஒரு துளி விட்டு நக்கினார். உப்புச் சேர்த்தார், மறுபடியும் நக்கினார்.

எனக்குப் பொங்கியது. “சுவாமிக்கு வைக்க முதல் நீங்களே எச்சில் பண்ணுறியளே, அம்மா!”

“உது சுவாமிக்கில்லை, பிள்ளை. அவைக்கு. தின்னுற சனத்துக்கு உப்புக் காணவேணும்.”

ஒரு மணிக்கே குளிரங்கியை மாட்டிக்கொண்டு, கையில் பானையுடன் சன்னலருகே நின்றார். இரண்டு மணியாயிற்று, இரண்டரையும் ஆயிற்று. “ரோட்டிலை சரியான ட்ராபிக் போல” என்றார், என்னைத் திரும்பிப் பாராமல்.

நான் சுவாமிப் படத்தின் முன் கைகூப்பி நின்றேன். அம்மா செய்த பாவத்தை மன்னித்தருளும்படி, கண்ணீர் மல்க வேண்டிக்கொண்டிருந்தேன்.