மாமி முன்னால் விரித்து வைத்த புத்தகம்

காளிகாட்டில் எங்கள் வெள்ளிக்கிழமை மண்டலியில் அம்பாள் நாமாவளியை ஆரம்பித்துக் கொடுப்பவள் அனந்தலக்ஷ்மி மாமிதான். ஆரம்பிக்கிறவள் புத்தகம் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். மாமி கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். நாங்கள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவோம்.

போன வருஷம் மழைக்காலத்தில் மாமிக்கு உடம்புக்கு முடியாமல் போனது. மஞ்சள் காமாலை என்று சொன்னார்கள். உண்மையை மாமியே பிற்பாடு எனக்குச் சொன்னாள். வந்தது மனசு வியாதி. சாப்பாடும் பேச்சும் நின்று, சுவரைப் பார்த்தே படுத்திருந்தாளாம். எந்த மாத்திரைக்கும் வியாதி கேட்கவில்லை. மின் அதிர்வு சிகிச்சை கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் அவள் கணவர் மஹாதேவன் நடுங்கிப்போனார். சினிமாவில் ஆளைக் கட்டிப்போட்டுச் செய்வதைத்தானே அவர் பார்த்திருக்கிறார். மயக்க ஊசி போட்டுத் தூங்கவைத்துத்தான் செய்வோம், வலி தெரியாது என்று டாக்டர் பொறுமையாக விளக்கியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் துணைக்குப் போனவள் பக்கத்து வீட்டுப் பூர்ணிமா.

மாமி தேறினாள். அந்த மாதங்களின் சில விஷயங்கள் மட்டும் அவளுக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. நாமாவளியில் ஒரு எழுத்தும் போகவில்லை.

பிறகு பாலிகஞ்சில் நோயாளிகளின் குடும்பங்களுக்கு ஒரு கூட்டம் போட்டார்கள். டாக்டர் கேட்டுக்கொண்டதால் மாமி வங்காளியிலேயே தன் கதையைச் சொன்னாள். மகளுக்கு இந்தச் சிகிச்சை வேண்டவே வேண்டாம் என்றிருந்த ஒரு தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். திரும்பும் வழியில், நம்ம மனுஷா காதுக்கு இது போக வேண்டாம் என்று, கூட வந்திருந்த பூர்ணிமாவிடம் மாமி கேட்டுக்கொண்டாள். பூர்ணிமா கோயில் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டு, “என் வாயிலேர்ந்து வராது மாமி” என்றாள்.

நவராத்திரி வந்தது. மாமி உட்காரும் மணைக்கு முன்னால் யாரோ புத்தகத்தை விரித்து வைத்திருந்தார்கள். மாமி நின்றபடி அதையே பார்த்தாள்.

“சும்மா ஒரு சேஃப்டிக்குத்தான் மாமி,” என்றாள் மதுவந்தி, எங்களில் சின்னவள். “கரண்ட் வெச்சா ஞாபகம் போயிடுமாமே.”

மாமி பூர்ணிமாவைப் பார்த்தாள். பூர்ணிமா குனிந்து விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள்.

மாமி புத்தகத்தை மூடி ஓரமாக வைத்துவிட்டு ஆரம்பித்தாள். மற்ற நாளில் பாதித் தூக்கத்தில் சொல்கிறவர்கள்கூட அன்றைக்கு ஒவ்வொரு நாமத்திலும் விரலை வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கே தப்புமென்று பார்க்கத்தான். ஒன்றும் தப்பவில்லை. முடிந்ததும் “நன்னா சொன்னேள் மாமி” என்றார்கள், பள்ளிக்கூடத்துக் குழந்தைக்குச் சொல்வதுபோல. அவளுக்கு அதுவரை அப்படி யாரும் சொன்னதில்லை.

பூர்ணிமா தாம்பூலம் கொண்டுவந்தாள். நல்லதுக்குத்தான் சொன்னேன் என்று முனகினாள். மாமி தாம்பூலத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“கரண்ட் வெச்சான்னு சொன்னே, சரி. தூங்கவெச்சுத்தான் பண்ணினான்னு சொன்னியோ? எழுந்து உக்காந்து உன்கிட்ட காபி கேட்டேனே, அதைச் சொன்னியோ? நீ பக்கத்துலதானேடி இருந்தே.”

பூர்ணிமா தாம்பூலத் தட்டோடு அடுத்தவளிடம் நகர்ந்தாள்.

அதற்கப்புறம் மாமி மண்டலிக்கு வருவதில்லை. பாலிகஞ்ச் கூட்டத்துக்கு மட்டும் போகிறாள், தனியாக. வெள்ளிக்கிழமைகளில் இப்போது பூர்ணிமாதான் ஆரம்பிக்கிறாள். புத்தகத்தைப் பார்த்துத்தான். யாரும் ஒன்றும் சொல்வதில்லை.