முந்தல் இறக்கத்தில் கேட்ட வாய்தா

மூச்சு விடுவது ஒரு வேலை என்று போன ஐப்பசி வரை எனக்குத் தெரியாது. போடிமெட்டுக்கு மேலே, என் மைத்துனன் காதரின் ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் கொட்டகைக்கு ஏறும் பாதையில் அது தெரிந்தது. மூச்சை இழுத்தேன், பாதிதான் வந்தது. மறுபடி இழுத்தேன், அதிலும் பாதி. வலது விலாவில் கோணி ஊசியை இறக்கியது போல ஒரு வலி. இருமினேன். கைக்குட்டையில் ரத்தம். ஏலச்செடிகளுக்கு நடுவே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். இங்கேயே முடிந்துவிடும் என்று தோன்றியது.

இதை எழுதுபவன் நீதிமன்ற அலுவலகத்தை நடத்தும் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். மனுவை எப்படி எழுத வேண்டும், எங்கே முத்திரை ஒட்ட வேண்டும், என்ன குறை சொல்லித் திருப்பி அனுப்பலாம் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அல்லாஹ்விடம் கேட்பதையும் ஏறக்குறைய அப்படித்தான் செய்துவந்தேன். சுருக்கமாக, வரிசையாக, மரியாதையாக. பதில் வராவிட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். உயிர் போகிற நேரத்தில் கேட்பது வேறு மாதிரி என்பதை அன்றுதான் கற்றேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஓய்வுக்குப் பிறகு மூத்தோர் தடகளத்தில் சேர்ந்தேன். என் பிரிவு வேக நடை. ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்னே ஊன்றும் காலின் முழங்கால் மடங்கக் கூடாது. மீறினால் நடுவர் அட்டை காட்டுவார். முழுக்க முழுக்க விதிகளால் ஆன விளையாட்டு, எனக்காகவே கண்டுபிடித்த மாதிரி. ஆனால் இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு, போடியிலிருந்து மலைக்குப் போகும் முந்தல் சாலையில் நான் நடக்கும்போது டீக்கடையிலிருந்து குரல் வரும்.

"பாய், அவசரம்னா ஓடிருங்க. யாரும் பாக்கல."

வெளியூர்ப் போட்டி ஒன்றுக்குப் போய்விட்டு இரவு முழுக்க பஸ்சில் கால் மடக்கி உட்கார்ந்து வந்தேன். அதன்பின் இடது கெண்டைக்கால் வீங்கியது. தொட்டால் சூடு. எங்கள் ஊரில் கெண்டைக்கால் வலித்தால் அது சுளுக்கு, வேறொன்றாக இருக்க அதற்கு அனுமதி கிடையாது. சிலமலையில் சுளுக்கு எடுப்பவரிடம் போனேன். எண்ணெயைச் சுடவைத்து இரண்டு கட்டைவிரலாலும் கீழிருந்து மேலே அழுத்தி நீவினார்.

"நரம்பு பெரண்டு கெடந்துச்சு அண்ணே. எடுத்து விட்டுட்டேன்" என்றார்.

எடுத்துத்தான் விட்டார். எதை எடுத்து எங்கே விட்டார் என்பது பிறகு தெரிந்தது.

வலி கொஞ்சம் குறைந்தது போல இருந்தது. மேலே குளிரில் நடந்து பார்க்கலாம் என்று காதரோடு தோட்டத்துக்குக் கிளம்பினேன். என் மகள் ஹசீனா அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். "அத்தா, கால் இன்னும் வீங்கித்தான் இருக்கு" என்றாள். "உன் காலும்தான் வீங்கியிருக்கு, நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏலச்செடிகளுக்கு நடுவே நான் உட்கார்ந்துவிட்ட அந்த நேரத்தில் காதரின் வண்டி பச்சைக்காய் லோடோடு வேறு பக்கம் போயிருந்தது. அவன் ஒரு பாறைமேல் ஏறி, சிக்னலுக்காகப் போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தான். மழைமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் தோட்ட வேலை முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு போடிக்கு இறங்கும் ஜீப்பு ஒன்று வந்தது. காதர் பாதையில் குறுக்கே நின்று மறித்தான்.

தினமும் விடியலில் கூலிப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறி, சாயங்காலம் இறங்கும் இந்த ஜீப்புகளை எனக்கு நன்றாகத் தெரியும். நான் சாலையோரம் நடக்கும்போது தோளை உரசிப் போவார்கள். வேகத்தைக் குறைக்க நடவடிக்கை கோரி, உரிய வழியில், நகல்களோடு மனுக்கள் கொடுத்திருக்கிறேன். இந்த ஜீப்பின் ஓட்டுநர் பால்பாண்டி தலையை நீட்டி என்னைப் பார்த்தான்.

"சிரஸ்தார் பாயா? எம்மேல மனுப் போட்ட ஆளுல்ல?"

"மனுவ அப்புறம் பேசு, எடுபட்ட பயலே. மூஞ்சி வெளுத்துக் கெடக்கு, ஏத்துடா மொதல்ல" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பேச்சியம்மா என்று பெயர். வயது என்னைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அவள் சொன்னதும் நாலைந்து பெண்கள் தூக்குவாளிகளோடு குதித்து இறங்கினார்கள். "நாங்க பின்னாடி வர்ற ஜீப்புல வர்றோம். வெரசா கொண்டுபோங்க."

என்னை ஜீப்பில் ஏற்றிப் படுக்கவைத்தார்கள். படுத்ததும் மூச்சு முழுக்க நின்றுபோனது போல இருந்தது. கையை ஆட்டினேன். பேச்சியம்மாதான் புரிந்துகொண்டு, என்னை நிமிர்த்தி, தன் தோளில் சாய்த்து உட்காரவைத்தாள். ஜீப்பு கிளம்பியது. கொண்டை ஊசி வளைவுகளில் பால்பாண்டி வண்டியை ஓட்டிய வேகத்தை நான் எந்த மனுவிலும் விவரித்ததில்லை. அன்று அது போதவில்லை.

"புள்ளைக எத்தன பாய் ஒங்களுக்கு?" என்று கேட்டாள் பேச்சியம்மா. நான் தூங்கிவிடாமல் இருக்கக் கேட்டாள்.

"ஒண்ணு. மக. ஆறு மாசம்."

"அப்பறம் எங்க போறீக? பேரப்புள்ளயப் பாக்காம போறதுக்கு என்ன அம்புட்டு அவசரம்? ஒங்க சாமிய வாய்விட்டுக் கூப்புடுங்க. எனக்கு ஒங்க மந்திரம் தெரியாது. தெரிஞ்சா நானே சொல்லிருவேன்."

கலிமாவைச் சொன்னேன். அதற்கே மூச்சு தீர்ந்தது. மீதியை மனசுக்குள் கேட்டேன். வரிசை இல்லை, சுருக்கம் இல்லை. யா அல்லாஹ், எத்தனையோ பேர் வாய்தா கேட்டு நின்றதைப் பார்த்தவன் நான். பாதிக்கு மேல் பொய்க் காரணம். என் காரணம் பொய் இல்லை. ஹசீனாவின் பிள்ளையைக் கையில் வாங்கும்வரை எனக்கு வாய்தா கொடு. பிரசவத்திலிருந்து அவளை நல்லபடியாக எழுப்பிவிடு. வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்க மூச்சும் இல்லை.

கண்ணில் நீர் வழிந்தது. பேச்சியம்மா முந்தானையால் துடைத்தாள். முந்தல் சோதனைச்சாவடியில் பால்பாண்டி வண்டியை நிறுத்தாமல் கத்தினான்: "மூச்சுக் கேசு! மூச்சுக் கேசு!" தடுப்பு மேலே போனது.

போடியில் ஆக்சிஜன் வைத்து, ஆம்புலன்சில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஓர் இளம்பெண் டாக்டர். காலை ஸ்கேன் செய்தார், நெஞ்சை ஸ்கேன் செய்தார். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகி, அதிலிருந்து துண்டுகள் பிய்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்திருந்தன.

"காலை யாராவது அமுக்கினாங்களா?"

"சுளுக்குன்னு நீவிவிட்டாங்க."

டாக்டர் அதையும் குறித்துக்கொண்டார். "நீவினவர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க இனிமே கால யார் கையிலயும் குடுக்காதீங்க, சார்."

ரத்தத்தை உறையவிடாத மருந்து ஏறியது. இரண்டாம் நாளே மூச்சு முக்கால்வாசி வந்தது. வாய்தா கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். படுக்கையிலேயே, தண்ணீருக்குப் பதில் மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்து, கண் சைகையால் தொழுதேன்.

பிறகு டாக்டர் வந்து, வீட்டில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று கேட்டார். சாட்சியம் சொல்வது எனக்குப் பழக்கம். சொன்னேன். அத்தா கால் முறிந்து மாவுக்கட்டோடு படுத்திருந்தார். ஒருநாள் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்ய எழுந்தவர் அப்படியே விழுந்தார். மாரடைப்பு என்றோம். மைமூன் அக்கா முதல் பிள்ளை பெற்று, நாற்பது நாள் முடியுமுன் ஒரு காலையில் மூச்சு முட்டிப் போய்ச் சேர்ந்தாள். ஜன்னி என்றோம். பிள்ளையும் தங்கவில்லை.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "உங்களுக்குப் பிள்ளைங்க?"

சகோதரர்களே, மலையில் மூச்சு நின்றபோதுகூட எனக்கு அப்படி ஒரு பயம் வரவில்லை. எங்கள் வீட்டில் ஹசீனா வீங்கிய காலோடு கட்டிலில் படுத்திருந்தாள். தலைப்பிரசவம், அசையக் கூடாது என்று என் மனைவி ஜமீலா அவளைப் படுக்கவைத்திருந்தாள்.

அன்றே அவளை வரவழைத்து ஸ்கேன் செய்தார்கள். கட்டி எதுவும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ். இது பரம்பரைக் கோளாறா என்று பார்க்க இருவர் ரத்தத்தையும் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான். எனக்கு இருக்கட்டும், அவளுக்கு வேண்டாம்.

முடிவு வந்தது. இருவருக்கும் இருந்தது. அந்த துஆ தள்ளுபடி என்று நினைத்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

டாக்டர் எனக்குப் புரியும் பாஷையில் விளக்கினார். காயம் பட்டால் ரத்தம் உறைய வேண்டும். போதும் என்று உடம்பு உத்தரவு போட்டதும் நிற்க வேண்டும். எங்கள் ரத்தத்தில் ஃபேக்டர் ஃபைவ் என்ற ஒரு பொருள் அந்த உத்தரவுக்குக் கட்டுப்படுவதில்லை. அதாவது தடை உத்தரவை மதிக்காத ஆசாமி ஒருவன் பரம்பரையாக எங்கள் குடும்பத்தில் குடியிருக்கிறான். அத்தாவையும் அக்காவையும் கொண்டுபோனது அவனாகத்தான் இருக்கும் என்றார். பிறகு சொன்னார்:

"உங்களுக்கு இது வராம இருந்திருந்தா, உங்க மகளை நாங்க யாரும் சோதிச்சே பாத்திருக்க மாட்டோம். இப்பத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சா வழி இருக்கு."

சுவர்ப்பக்கமிருந்து திரும்பினேன். ஜீப்பில் நான் கேட்டதில் இரண்டு கோரிக்கைகள் இருந்தன. என்னை வைத்திரு என்பது ஒன்று. அவளை நல்லபடியாக எழுப்பிவிடு என்பது இன்னொன்று. இரண்டாவதற்கான பதில், நான் கேட்பதற்கு முன்பே என் கெண்டைக்காலில் வந்து உட்கார்ந்திருந்தது. நான்தான் அதைச் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவவிட்டேன். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். நர்சு பயந்துபோய் டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

ஹசீனாவுக்குத் தினமும் வயிற்றில் ஒரு ஊசி. பிரசவம் வரை, அதன் பிறகு ஆறு வாரம். ஜமீலா ஊசியைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்வாள். முறையை நான் கற்றுக்கொண்டேன். தோலை மடித்துப் பிடித்து, நேராக இறக்கி, நிதானமாக அழுத்த வேண்டும்.

"அத்தா, கையெழுத்துப் போடுற மாதிரி குத்தாதீங்க. எல்லாப் பக்கத்துலயும் போடணும்னு அவசியமில்ல" என்பாள்.

பேத்தி பிறந்த அன்று நான் மருத்துவமனை வராந்தாவில் உட்காரவில்லை. நெடுநேரம் உட்காரக் கூடாது என்பது எனக்கு டாக்டரின் உத்தரவு. கடைசிவரை நடந்தேன், முழங்கால் மடங்காமல். பிள்ளையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். காதில் பாங்கு சொன்னேன். ஒரு மூச்சு குறையவில்லை.

ஆனால் மைமூன் அக்கா போனது பிரசவத்தில் இல்லை, நாற்பதுக்குள். அந்த நாற்பதுதான் எனக்குக் கண்ணில் நின்றது. பிள்ளை பெற்றவளைக் கட்டிலைவிட்டு இறங்கவிடாமல் வைப்பது நம் வீடுகளின் வழக்கம். டாக்டர் எழுந்து நடக்கச் சொல்லியிருந்தார். ஜமீலாவுக்கு மனசில்லை.

"பச்ச ஒடம்புக்காரி. ஒங்க வெளையாட்ட அவகிட்டயும் காட்டாதீங்க."

"மைமூனும் பச்ச ஒடம்போட படுத்துத்தான் கெடந்தா, ஜமீலா" என்றேன்.

அவள் பிள்ளையைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டு, "கூட்டிட்டுப் போங்க. மாடிப்படி மட்டும் வேணாம்" என்றாள். காலையும் மாலையும் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நானும் என் மகளும் நடந்தோம். "அத்தா, நானும் இடுப்ப ஆட்டணுமா?" என்று கேட்பாள். நாற்பதாம் நாள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து நின்றாள். பிள்ளைக்கு மைமூன் என்று பெயர் வைத்திருந்தோம். அன்று நான் செய்த சஜ்தாவிலிருந்து எழ எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு ஆயுள் முழுக்க மாத்திரை. மாதாமாதம் ரத்தம் கொடுத்து, அது எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்க்கிறார்கள். கீரை கூடினால் மருந்தின் வேலை குறையுமாம்; முருங்கைக்கீரையை விட வேண்டாம், ஆனால் வாரத்துக்கு வாரம் ஒரே அளவாகச் சாப்பிடச் சொன்னார்கள். வலி மாத்திரையை நானாக வாங்கி விழுங்கக் கூடாது. சவரக்கத்தி பட்டால் ரத்தம் நிற்க நேரமாகும். பஸ்சில் போனால் இறங்கி நடக்கிறேன். நடத்துநர் திட்டுகிறார். "கபடின்னா விடமாட்டேன். நடைதானே, நடங்க" என்று டாக்டர் அனுமதித்துவிட்டார். சமீபத்துப் போட்டியில் நான்காவதாக வந்தேன். கலந்துகொண்டவர்கள் ஐந்து பேர்.

பால்பாண்டி மீது நான் கொடுத்த மனுக்களைத் திரும்பப் பெறப் போனேன். அப்படித் திரும்பப் பெற விதியில் இடமில்லை என்றார்கள். சரியான பதில்தான். அவனிடம் போய்ச் சொன்னேன். "பரவாயில்ல பாய், யாரும் அதப் படிக்கவே இல்ல" என்றான். பேச்சியம்மா ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து பேத்தியைத் தூக்கிவைத்துக்கொண்டாள். "இதுக்குத்தான் அன்னைக்கு அம்புட்டு மூச்சு வாங்குனீக" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் நீவிவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். குடும்பத்தில் யாராவது மூச்சு முட்டிச் சட்டென்று இறந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அல்லாஹ்விடம் கேளுங்கள், கையேந்திவிட்டு வருகிற ஜீப்பில் ஏறுங்கள். அதை அனுப்பியது யார் என்று ஏறிய பிறகு யோசித்துக்கொள்ளலாம். நீங்கள் கேட்காமல் விட்டதையும் கேட்டதோடு சேர்த்துப் பார்க்கிறவன் அவன். என்னைப் போல ஒரு மனு எழுத்தனுக்கே அது புரிந்திருக்கிறது, உங்களுக்கு இன்னும் சுலபமாகப் புரியும்.

நான் கேட்ட வாய்தா பேத்தியைக் கையில் வாங்கிய அன்றே முடிந்துவிட்டது. அடுத்த தேதியை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நினைவூட்டுக் கடிதம் எப்படி எழுத வேண்டும் என்பது என்னைவிட நன்றாக இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. எழுதப் போவதில்லை. நாளை சுபுஹுக்குப் பிறகு, முந்தல் சாலையில், ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க, நடந்துகொண்டிருப்பேன்.