கடற்கரைக் கம்பமும் என் அப்பாவின் கையும்

கௌதமன் அம்மையார்குப்பத்துக்காரர். தறிச் சத்தத்தில் வளர்ந்தவர், வேலைக்குப் போய்ச் சேர்ந்ததோ கடற்கரையில். அவர் என்னைப் பெண் பார்க்கத் திருத்தணிக்கு வந்தபோது என் அப்பா வேதாசலம் கேட்ட முதல் கேள்வியே, "கடல்ல எறங்குவியாப்பா?" என்பதுதான்.

"கால்கூட நனையாதுங்க மாமா. கரையில ரேடார் வச்சிருக்கோம். கடல் மேல்தண்ணி எந்தப் பக்கம் ஓடிகினு இருக்குது, எவ்ளோ வேகம்னு அதுவே சொல்லும்."

"தண்ணியத் தொடாமயா?"

"ஆங்."

அப்பா நம்பவில்லை. கடலில் இறங்குகிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று உள்ளே வந்து முறுக்கிக்கொண்டார். எனக்கோ கௌதமனைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. "நேர்ல போயி பாத்துட்டுத்தான் வாயேன் நைனா" என்று நச்சரித்து நான்தான் ரயிலேற்றி அனுப்பினேன்.

அங்கே மணலில் வரிசையாக ரேடார் கம்பங்கள், ஒவ்வொன்றுக்கும் இழுத்துக் கட்டிய கயிறுகள். கௌதமன் பொறுமையாக விளக்கியிருக்கிறார்: இங்கிருந்து போகும் ரேடியோ அலை கடல் அலையில் பட்டுத் திரும்பி வரும். வந்ததைப் பார்த்தால் தண்ணீர் நெருங்குகிறதா, விலகுகிறதா என்று தெரியும். தள்ளி இன்னொரு ரேடார் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் எந்தத் திசை என்பதும் தெரிந்துவிடும். படகிலிருந்து யாராவது தவறி விழுந்தால், எந்தப் பக்கம் தேடுவது என்று அதை வைத்துத்தான் சொல்வார்கள்.

அப்பாவும் தலையாட்டியிருக்கிறார். ஆனால் கண்ணெல்லாம் ஒரு கயிற்றின் மேல். அது கொஞ்சம் தளர்ந்திருந்ததாம். எங்கள் தெருவில் தறிக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டும்போது தொய்வு கண்டால் கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத மனிதர் அவர். கௌதமன் டீ போட உள்ளே போனதுதான் தாமதம், கயிற்றைப் பிடித்து ஒரே இழு. நேராக நின்ற கம்பம் சாய்ந்துவிட்டது.

"யோவ்! கைய எடுய்யா!"

கத்திக்கொண்டே கௌதமன் ஓடி வந்திருக்கிறார். யாரைக் கத்தினோம் என்பது கம்பத்தை நிமிர்த்திக் கட்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. டீ ஆறிப்போனது. அப்பா நேராகப் போய் ரயிலைப் பிடித்தார்.

அவர் ஊர் வருவதற்குள் கௌதமன் எனக்குப் போன் செய்து, "எல்லாம் போச்சுங்க. உங்க நைனாவ யோவ்னுட்டேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இந்த மனுஷனுக்கு வாய் அடங்கக் கூடாதா என்று கோபம் வேறு.

அப்பா வீடு வந்து சேர்ந்தார். கை கால் கழுவினார், சாப்பிட்டார். நான் மோர்ச் சொம்போடு பக்கத்திலேயே நின்றேன்.

"கத்தினான்."

"தெரியும் நைனா."

"நம்ம பாவுல எவனாச்சும் கை வச்சா நான் இன்னா பண்ணுவேன்?"

"இன்னும் மோசமா கத்துவ."

"ஆங். வேலைய அப்டி பாக்கறவன் வூட்டயும் பாத்துக்குவான். நாள் குறிச்சிடலாம்."

நான் சொம்பை அப்படியே வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடிப்போய் ஆசைதீர அழுதேன்.

கல்யாணம் எங்கள் ஊர் மலைமேலேயே நடந்தது. தாலி கட்டும்போது கௌதமன் போட்ட முதல் முடிச்சு தொளதொளவென்று விழுந்தது. அப்பாவின் கை தன்னால் முன்னே நீண்டது. கௌதமன் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார்.

அப்பா சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீயே கட்டுப்பா, நான் தொடல" என்றார்.