சிரட்டையில் போட்ட சோறு

மருமகள் காசு கொடுத்து ஒரு சிரட்டை வாங்கியிருக்கிறாள். பாதித் தேங்காய் ஓடு, மூன்று துளை, ஒரு கயிறு. பறவைக்கு இரை வைப்பதற்காம். பம்பாயை ஒட்டிய சான்பாடா வீட்டுப் பால்கனியில் அவள் அதைத் தொங்கவிட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. தாராவியில் நாங்கள் அடுப்பில் போட்டு எரித்த சாமான் அல்லவா! கிட்டே போய் மோந்து பார்த்தேன். மெருகெண்ணெய் வாசனை. எனக்குத் தெரிந்த சிரட்டையில் கருகல் வாசனை அடிக்கும்.

கம்பியைக் கரி அடுப்பில் பழுக்கக் காய்ச்சித்தான் துளை போடுவேன். அப்போது எனக்குப் பத்து வயது. ரேஷன் அரிசிக்கு அடித்துப் பிடித்து வரிசையில் நின்ற அறுபதுகள். கயிற்றுக்குத் தேங்காய் நாரையே திரித்தேன். இரண்டு முறை அறுந்து விழுந்தது. சிட்டுக்குருவிக்கென்று கட்டினேன், வந்ததோ காக்கை. என் கைவேலையின் லட்சணம் அவ்வளவுதான்.

ஜன்னல் கம்பியில் அதைக் கட்டியது அக்காவுக்காக. பதினேழு வயது, காசநோய். நாள் முழுக்க ஜன்னலோரம் படுத்திருப்பாள். நன்றாகச் சாப்பிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா தான் சோளரொட்டியைத் தின்றுவிட்டு, இருந்த அரிசியை அவளுக்கே வடித்தாள்.

"ஏட்டி, தொண்டையில எறங்க மாட்டேங்கு. அதுல போட்டுரு. அம்மாட்ட சொல்லிராத" என்பாள் அக்கா.

போட்டேன். காக்கை கொத்துவதைப் பார்த்து அவள் சிரிப்பாள், அதற்காகவும் போட்டேன். வேலை முடிந்து வந்ததும் அம்மா காலித் தட்டைத்தான் முதலில் பார்ப்பாள்.

"முழுசும் தின்னாளா?"

"ஆமாம்மா."

அப்போது அம்மா முகம் மலர்வதைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல எந்தப் பிள்ளைக்கு வாய் வரும், நீங்களே சொல்லுங்கள்.

மழைக்காலம் முடியுமுன் அக்கா போய்விட்டாள். காரியத்தன்று ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரையில் அம்மா சோறு வைத்தாள். கூப்பிட வாயெடுக்குமுன் காக்கை வந்து இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அம்மா அழுதாள்.

"பாத்தியளா, கூப்பிடக்கூட இல்ல. ஓடி வந்துட்டா எம் மவ. ஒரு குறையும் இல்லாமத்தான் போயிருக்கா."

அது தினமும் வந்து தின்ற காக்கை. மகள் ஓடி வந்ததைச் சொல்லிச் சொல்லியே அம்மா மிச்ச ஆயுளைக் கழித்தாள். ஒவ்வொரு முறையும் "ஆமாம்மா" என்றேன்.

இன்று தாராவியில் நாங்கள் இருந்த வரிசை வீடுகள் இல்லை. தகரக் கூரையும் இல்லை. சில வருஷம் முன்பு அம்மாவும் போய்விட்டாள். அவள் காரியத்தன்று மொட்டைமாடியில் சோறு வைத்துவிட்டுத் தொண்டை வற்றக் கூப்பிட்டேன். காக்கைக்குப் பஞ்சமே இல்லாத பம்பாயில் ஒன்றுகூட இறங்கவில்லை. போனவர்களுக்கு ஏதோ மனக்குறை என்றார்கள்.

அங்கே அம்மாவிடம் அக்கா சொல்லியிருப்பாள்.