அமைதிக்குப் போட்ட மார்க்

லேப்டாப்போடு ஊர் ஊராகத் தங்கி வேலை பார்ப்பவன் நான். கோவா வசதியா, திருவொற்றியூர் வசதியா என்று அன்று நண்பனிடம் வீடியோ காலில் அளந்துகொண்டிருந்தேன்.

"கோவாவுல எந்நேரமும் பாட்டுச் சத்தம்டா. இங்க பாரு, காலையிலேர்ந்து ஒரு டி.வி. சத்தம்கூட இல்ல. திருவொற்றியூருக்குத்தான் என் ஓட்டு!" என்று போனைத் தெருப்பக்கம் திருப்பினேன்.

வீட்டுக்கார அக்கா பதறி ஓடிவந்தார்.

"மெதுவா பேசு தம்பி. எதுத்த வூட்டு ஆளுங்க மீன் புடிக்கப் போன போட்டு இன்னும் கடல்லேர்ந்து திரும்பல. அது வர்ற வரிக்கும் இந்தத் தெருவுல யாரும் டி.வி. போட மாட்டோம்."

அதற்குள் எதிர்வீட்டுப் பெண் தலைவிரிகோலமாக என் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"போன்ல இன்னா சொல்றாங்கண்ணா? வந்துட்டாங்களா?"

போனை அணைத்தேன்.

இப்போது எந்த ஊருக்குப் போனாலும், தெரு அமைதியாக இருந்தால் முதலில் ஏன் என்று விசாரிக்கிறேன்.