ஆலோசனை அறையின் நீலத் திரை

போன கிழமை பெரிய சட்டியை எடுக்கப் பள்ளிக்கூடத்துச் சாமான் அறைக்குள் போனபோது அந்த நீலச் சீலையைக் கண்டேன். ஒலிபெருக்கிப் பெட்டியில் தூசி படாமல் போர்த்தியிருந்தார்கள். கரையிலிருந்த வெள்ளைப் பூவைக் கண்டதும் அது எந்தச் சீலை என்று தெரிந்துவிட்டது. அந்த அறை வாசலில் இன்னும் ‘மாணவர் ஆலோசனை நிலையம்’ என்ற பலகை புதுப் பெயின்ற் பூசிப் பளபளக்கிறது. உள்ளே உடைந்த கதிரைகளும் எலிப்புழுக்கையும்தான்.

அந்தச் சீலை ஆலோசனை ரீச்சருடையது. யன்னலுக்குத் திரை கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், தான் உடுத்த சீலையையே கிழித்துக் கட்டினார். பிள்ளைகளுக்கு நான் மத்தியானச் சாப்பாடு சமைக்கும் கொட்டில் அந்த யன்னலுக்கு நேர் எதிரே. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். படித்தவர்கள் முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. ரீச்சர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “அம்மா, உள்ளுக்குப் பிள்ளை இருக்கக்குள்ள இந்தப் பக்கம் ஒருத்தரையும் விடாதீங்க.” அகப்பையும் கையுமாக நின்று அதைச் செய்தேன். மற்ற ரீச்சர்மார், “உங்களுக்கென்ன, கதைச்சுக்கொண்டிருக்கச் சம்பளம்” என்று அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். பைத்தியங்கள் போகிற இடமென்று பெடியன்கள் அதற்கு ‘விசர் அறை’ என்று பேர் வைத்தார்கள்.

அப்படியும் ஒரு பிள்ளை வந்தாள். தாய் வெளிநாட்டில் வீட்டுவேலை, பிள்ளை சின்னம்மாவோடு. முதலில் என் கொட்டிலுக்குப் பின்னால் ஒளித்து ஒளித்துத்தான் அறைக்குப் போவாள். சோற்றைக் கிளறிவிட்டு எழும்புகிறவள், சில மாதத்தில் கோப்பையை நீட்டி, “சொதி இன்னும் கொஞ்சம் ஊத்துங்க” என்றாள். உள்ளே என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியும் இருக்கவில்லை.

பிறகு யாரோ பெரிய மனிதர்கள் அந்த அறைக்குக் கதிரையும் பெயின்றும் கொடுத்தார்கள். திறப்பு விழா வைத்தார்கள். பயனடைந்த பிள்ளை ஒன்று மேடையில் பேச வேண்டும் என்று பள்ளிக்கூட அதிபர் ரீச்சரிடம் கேட்டபோது நான் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நின்றேன். “ஒரு பிள்ளையும் வராது சேர். இஞ்ச சொல்றது வெளிய போகாதெண்டுதான் அதுகள் வருதுகள்” என்றார் ரீச்சர். அதிபர் சிரித்துக்கொண்டே தேத்தண்ணியை எடுத்தார்.

விழாவன்று அதிபரே அந்தப் பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டார். தோளில் கைபோட்டுக்கொண்டு, தாய் போன நாளிலிருந்து இவள் இரவில் பாயை நனைத்தாள், இந்த அறையால்தான் சுகம் வந்தது என்று மைக்கில் சொன்னார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கழுத்தில் மாலையோடு இருந்த விருந்தாளிகள் கை தட்டினார்கள். படம் எடுத்தவன் “சிரி மகள்” என்றான். அவளும் சிரித்தாள். ரீச்சர் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார். அதற்குள் எல்லாம் சொல்லி முடிந்திருந்தது. எனக்குத் தந்த கேக்கைக் காகத்துக்குப் போட்டேன். ரீச்சரைத் தவிர, அங்கே இருந்த படித்த மனிதர்களில் ஒருவருக்காவது அது பிழையாகத் தோன்றவில்லையே, அதுதான் எனக்கு இன்றைக்கும் அருவருப்பு.

அவள் அதன்பிறகு பள்ளிக்கு வரவில்லை. ரீச்சர் அவள் வீட்டுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். “ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டுதானே சொன்னீங்க!” வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது. நான் சொல்லவில்லை என்று ரீச்சர் எத்தனை தரம் சொல்லியும் அவள் வெளியே வரவில்லை. விருந்தாளிகளை அவமதித்தார் என்று அடுத்த தவணையே ரீச்சரைப் பனிச்சங்கேணிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். போகும்போது திரையைக் கழற்றித் தரவா என்று கேட்டேன். “கிடக்கட்டும் அம்மா. வாறவங்களுக்கு வேணும்” என்றார். அவருக்குப் பிறகு ஒருவரும் வரவில்லை.

சீலையைக் கண்ட அன்று பின்னேரம், தண்ணீர்க் குழாயடியில் அந்தச் சின்னம்மாவைக் கண்டேன். மனம் கேளாமல் பழைய கதையை எடுத்தேன். அவள் சிரித்தாள். “ரீச்சர் எங்க சொன்ன? நான்தான்கா அதிபர் சேர்ட்ட சொன்னன். வீடு தேடி வந்து அன்பாக் கேட்டார். நல்ல விசயந்தானே?” குடத்தை நிரப்பாமலே வந்துவிட்டேன்.

அந்தப் பிள்ளை இப்போது வாவிக்கரையில் கூலிக்கு இறால் உரிக்கிறாள். மறுநாள் போய்ப் பக்கத்தில் குந்தினேன். நானும் ஒரு பிடி இறாலை அள்ளி உரித்தேன்.

“ரீச்சர் சொல்லல்ல மகள். உன்ட சின்னம்மாதான் சொன்ன.”

இறாலோடு அவள் கை அப்படியே நின்றது. பிறகு தலை நிமிராமல் கேட்டாள்: “அந்த நீலத் திரை இன்னும் கிடக்கா?”

“கிடக்கு மகள்” என்றேன்.

அது இப்போது எதைப் போர்த்திக் கிடக்கிறது என்று அவள் கேட்கவில்லை. அந்த ஒலிபெருக்கிப் பெட்டியை நினைத்துக்கொண்டே நான் அடுத்த இறாலை எடுத்தேன்.